கொந்தளிப்புக்கு முந்திய நாழிகைகள்

தில்லையடியிலிருந்து பாலாவிப் பக்கம் செல்லுகிறவர்கள் புத்தளம் களப்பை அடுத்த உப்பளங்களை அறிவார்கள். உப்புநீரானது முதலில் ஒரு பெரிய தேக்கத்துக்குள் விடப்பட்டு, அங்கிருந்து ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மடை திறந்து கடத்தப்பட்டு, வெயிலும் காற்றும் தத்தம் தொழிலைச் செய்யச் செய்ய அடர்த்தி ஏறிக்கொண்டே போய், போமே என்னும் அளவுமானியில் 3 பாகையளவில் நின்ற சாதாரணக் கடல்நீர் 25 பாகையைத் தொடும் சமயத்திலேதான் உப்பு படிகமாகத் திரண்டு கண்ணுக்குப் புலனாகிறது. அதற்கு முன்னர்ப் பல நாட்களாக நடந்த காரியம் எதுவும் பார்வையாளனுக்குத் தெரிவதில்லை. உப்பு அன்றைக்குத்தான் உண்டாயிற்று என்றே அவன் எண்ணக்கூடும். ஓட்டிசம் உள்ள இளைஞர்களின் உணர்ச்சிக் கொந்தளிப்பைப் பற்றி, அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்கிறவர்களே கொண்டிருக்கும் அபிப்பிராயம் பெரும்பாலும் இத்தகையதே.

உதாரணத்துக்காகத் தில்லையடியில் ஒரு வீட்டை மனத்தில் அமைத்துக்கொள்வோம். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, கையிலே கொண்டுவர முடிந்ததை மாத்திரம் எடுத்துக்கொண்டு புத்தளத்துக்கு வந்து சேர்ந்த முஸ்லிம் குடும்பங்களுள் ஒன்று அது. ஓலைக் கொட்டிலில் தொடங்கிய வாழ்க்கை கல்வீடாகி, அகதியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று யௌவனப் பருவத்தை அடைந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவனுக்கு 17 வயது. காலையில் வழக்கமாக வரும் வான் வரவில்லை. வேறொரு வானில் போகவேண்டியதாயிற்று. நண்பகலில் மின்சாரம் நின்று, விசிறி ஓய்ந்தது. அஸர் நேரத்தில் ஒழுங்கையின் கோடியிலுள்ள கலியாண வீட்டில் ஒலிபெருக்கியைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். அதன் பின்னர் வந்த உறவினர் ஒருவர், அவன் நாள்தோறும் உட்காரும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். இவற்றில் எதற்கும் அவன் வாய் திறக்கவில்லை. மஃரிபுக்குப் பிறகு, “மகன், தேத்தண்ணி ஆறுது, வாங்க” என்று உம்மா அழைத்த க்ஷணத்தில் கோப்பை சுவரில் மோதி உடைகிறது. அவன் தன் கையைத் தானே கடித்துக்கொள்கிறான். நெற்றியைச் சுவரில் மோதிக்கொள்கிறான். நெருங்கிக் கட்டப்பட்ட வீடுகளாதலால் அயலார் யாவரும் கூடிவிடுகிறார்கள். “ஒரு தேத்தண்ணிக்கா இவ்வளவு?” என்னும் கேள்வி எல்லாருடைய முகத்திலும் இருக்கிறது.

தேநீருக்காக அல்ல என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம். விடியற்காலையிலிருந்து பாத்தி பாத்தியாக ஏறிவந்த ஒன்று அந்த வேளையில் திரண்டது. அது ஏறிக்கொண்டிருந்ததை வீட்டார் அறியவில்லை, அவனும் அறியவில்லை. இந்த இரண்டு அறியாமைகளுள் இரண்டாவதே சாஸ்திர ரீதியில் அதிக முக்கியமானது.

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து வைத்தியரான லியோ கானர், 11 குழந்தைகளின் வரலாற்றை விவரித்து, பிற்கால ஓட்டிச ஆராய்ச்சிக்கெல்லாம் அடிப்படையாக அமைந்த கட்டுரையை வெளியிட்டபோது, உணர்ச்சித் தொடர்பிலே உண்டாகும் குலைவு என்பதைத்தான் தலைப்பில் வைத்தார். மாறுதலைக் கண்டு அக்குழந்தைகள் அடைந்த பெருங் கலக்கத்தையும் அவர் கவனித்து எழுதினார். ஆயினும் பின்வந்த தசாப்தங்களில் பேச்சு, சமூகப் பழக்கம், திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள் ஆகியவற்றின்மீதே ஆராய்ச்சியாளரின் சிரத்தை சென்றது. இன்றும் நோய்நிர்ணய நூல்களில் உணர்ச்சியை ஆளும் சிரமம் ஓட்டிசத்தின் பிரதான லக்ஷணங்களுள் ஒன்றாக இடம்பெறவில்லை. ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் என்பதுகூட 2013ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க மனநோய் வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பிலேதான் லக்ஷணப் பட்டியலுக்குள் வந்தது. ஆனால் எந்தத் தாயைக் கேட்டாலும், தன் பிள்ளை கண்ணைப் பார்த்துப் பேசாதது அவளுக்குப் பெரிய துயரமாக இருப்பதில்லை. அவன் தலையைச் சுவரில் மோதிக்கொள்வதே அவளை இரவில் உறங்கவிடாமல் செய்கிறது.

உணர்ச்சியை ஆளுதல் என்றால் அடக்குதல் என்று பொருள்கொள்வது நம்மிடையே ஆழமாக வேரூன்றிய பழக்கம். மனோதத்துவ அறிஞர் ஜேம்ஸ் கிராஸ் 1998ஆம் ஆண்டில் வகுத்துத் தந்த விளக்கம் இப்பழக்கத்தை வெகுவாகத் திருத்தியது. ஓர் உணர்ச்சி பிறந்து வெளிப்படும் வரையில் ஐந்து இடங்களில் மனிதன் அதில் தலையிடலாம் என்பது அவருடைய கருத்து: கலக்கம் தரக்கூடிய நிலைமைக்குள் நுழைவதா இல்லையா என்று தேர்ந்துகொள்வது, நுழைந்தபின் அந்த நிலைமையைச் சற்று மாற்றியமைப்பது, அதற்குள்ளேயே கவனத்தை வேறொன்றில் செலுத்துவது, நடந்ததற்கு வேறு அர்த்தம் கொடுத்துப் பார்ப்பது, இவை யாவும் தவறியபின், பொங்கியெழுந்த உணர்ச்சியின் வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்துவது. உப்பளத்தின் பாஷையில் சொன்னால் முதல் நான்கும் மடைகள்; ஐந்தாவது, திரண்ட உப்பை மீண்டும் நீராக்க முயல்வது. “சும்மா இரு”, “அடங்கு”, “நாலு பேர் பார்க்கிறார்கள்” என்று நாம் சொல்வதெல்லாம் இந்த ஐந்தாவது இடத்தில் நின்றுகொண்டுதான். ஐந்தனுள் மிகவும் கடினமானதை, ஐந்தையும் செய்வதற்குச் சிரமப்படுகிற ஒருவனிடம், அவனுக்கு மிகவும் இயலாத வேளையில் நாம் எதிர்பார்க்கிறோம். இதைவிட அநியாயமான எதிர்பார்ப்பு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முந்திய மடைகளில் ஒருவன் தலையிட வேண்டுமானால், நீரின் அடர்த்தி ஏறுகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் சரீரத்தின் சங்கதி வருகிறது. தன் மனத்தில் எழுவது கோபமா, அச்சமா, பசியா, களைப்பா என்று பிரித்தறிந்து சொல்ல முடியாத ஒரு தன்மையைப் பற்றி அமெரிக்க மனநோய் வைத்தியர் பீட்டர் சிஃப்னியோஸ் 1970களின் தொடக்கத்தில் எழுதினார். அது எவரிடமும் காணப்படக்கூடியதே. பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு பரிசீலனை, பொதுமக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேரிடம் மாத்திரம் உள்ள இந்தத் தன்மை, ஓட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இருப்பதாகக் காட்டிற்று. ஹிருதயம் வேகமாகத் துடிப்பதும், வயிற்றைப் பிசைவதும், தாடை இறுகுவதும், உள்ளங்கை வியர்ப்பதும் எல்லார்க்கும் நிகழ்வன. அவற்றைக் கண்டு “எனக்குக் கோபம் வருகிறது” என்று வாசித்துக்கொள்வது மாத்திரம் எல்லார்க்கும் கைகூடுவதில்லை. நமது உதாரண இளைஞன் பகல் முழுவதும் மௌனமாக இருந்தது பொறுமையினால் அல்ல; தன்னுள்ளே எழுதப்பட்டுக்கொண்டிருந்ததை அவனால் வாசிக்க முடியவில்லை.

இந்த வாசிப்பைக் கற்பிக்க முடியுமா? இங்கிலாந்தில் ஹியூகோ கிரிட்ச்லியும் அவருடைய சகாக்களும் ஓட்டிசம் உள்ள 121 வயதுவந்தோரைக் கொண்டு செய்த பரிசோதனை 2021ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு சாராருக்குத் தமது நெஞ்சத் துடிப்பைத் தாமே உணர்ந்து எண்ணவும், கருவியில் கேட்கும் ஒலி தமது துடிப்போடு ஒத்துச் செல்கிறதா என்று கண்டுபிடிக்கவும் பயிற்சி அளிக்கப்பட்டது; மறுசாராருக்குப் பிறருடைய குரலில் உள்ள உணர்ச்சியை அறியும் பயிற்சி தரப்பட்டது. மூன்று மாதங்களின் பின்னர்ப் பார்த்தபோது, முதற்சாராரில் 31 சதவீதத்தினர் பதற்ற நோயின் எல்லைக்கு வெளியே வந்திருந்தார்கள். மறுசாராரில் 16 சதவீதத்தினரே அவ்வாறு வந்திருந்தார்கள். பிறர் முகத்தையும் குரலையும் படித்துக்கொள் என்று ஓட்டிசம் உள்ளவர்களுக்குத் தசாப்தக் கணக்கில் பாடம் நடத்தி வந்திருக்கிறோம். தன் சரீரத்தைப் படித்துக்கொள் என்பதை அதற்கு முன்னதாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று இந்த முடிவைப் பார்க்கையில் எண்ணத் தோன்றுகிறது.

இளம்பருவத்தினருக்கென்றே இதை ஒரு முறையான சிகிச்சையாக அமைத்தவர்கள் பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையைச் சேர்ந்த கார்லா மஸெஃப்ஸ்கியும், அவருடன் உழைத்த சூசன் வைட்டும். ‘ஈஸ்’ என்று சுருக்கமாக வழங்கும் அவர்களுடைய சிகிச்சை, ஓர் இளைஞனும் ஒரு சிகிச்சையாளரும் தனித்து அமரும் 16 அமர்வுகளைக் கொண்டது. 12 முதல் 17 வயது வரையுள்ள 20 பேரிடம் முதலில் செய்து பார்க்கப்பட்டு, அதன் பலன்கள் 2019ஆம் ஆண்டில் வெளியாகி, பின்னர் 21 வயது வரையுள்ளோர்க்கும் விரிவாக்கப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய பரிசோதனையே அந்த முதலாவது என்பதை மறக்கலாகாது. ஆயினும் உணர்ச்சியை ஆளுந் திறனிலும், பதற்றத்திலும், மனச்சோர்விலும் நல்ல மாறுதல் தென்பட்டது. அந்தச் சிகிச்சையின் ஒழுங்குமுறையே எனக்கு அதிகமாகப் பிடித்த அம்சம். கோபத்தை எப்படிக் குறைப்பது என்று அதில் முதலில் கற்பிப்பதில்லை. சரீரத்தில் என்ன நடக்கிறது, மனத்தில் எந்த எண்ணம் ஓடுகிறது என்று, நல்லது தீயது என்று தீர்ப்புச் சொல்லாமல் உற்றுக் கவனிக்கும் பழக்கத்தையே முதலில் வளர்க்கிறார்கள். மனத்தைச் சாந்தப்படுத்தும் உபாயங்களும், நடந்ததை வேறு கோணத்தில் சிந்திக்கும் பயிற்சியும் அதன்மேல் கட்டப்படுகின்றன. பெற்றோரும் அமர்வுகளில் கற்பிக்கப்பட்டதை அறிந்துகொள்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை ஓர் அறையில் கற்றது, வீட்டிலே வாரம் முழுவதும் வழங்கினாலன்றி நிலைப்பதில்லை.

இதைவிட எளிய உபாயமும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பணிபுரிந்த நிர்பய் சிங் என்னும் மனோதத்துவ அறிஞர் வகுத்த அந்த முறையில், இரண்டு பாதங்களும் தரையில் படும்படி நின்றோ அமர்ந்தோ, கோபமூட்டிய ஒரு சம்பவத்தை நினைவுக்குக் கொண்டுவந்து, கோபம் எழுவதைத் தடுக்காமல் விட்டு, பின்பு கவனம் முழுவதையும் உள்ளங்கால்களுக்கு மாற்ற வேண்டும்: விரல்களை மெல்ல அசைத்து, குதிகால் தரையில் அழுந்துவதை உணர்ந்து, இயல்பாக மூச்சுவிட்டு, மனம் தணியும் வரையில் அங்கேயே நிற்பது. 2011ஆம் ஆண்டில் வெளியான அவருடைய ஆய்வில், ஓட்டிசம் உள்ள மூன்று இளைஞர்களுக்கு இதைக் கற்பித்தவர்கள் அவர்களுடைய தாய்மாரே. தொடக்கத்தில் வாரத்துக்குப் பத்துத் தடவைக்கு மேல் பிறரைத் தாக்கி வந்தவர்கள், பயிற்சியின் இறுதி வாரங்களில் அதை விட்டொழித்தார்கள். பின்தொடர்ந்து பார்த்த மூன்று ஆண்டுகளிலும் அது மிக அரிதாகவே நிகழ்ந்தது. மூன்று பேரை வைத்துச் செய்த ஆய்வு பெரிய உண்மையை ஸ்தாபித்துவிடாதுதான். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழையும் வீடுகளையும், சீமெந்துத் தரையையும், முற்றத்து மணலையும் உடைய நமது தேசத்தில், உள்ளங்காலைப் பற்றிய பாடத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. சாந்தமாக இருக்கும் வேளைகளில் நாள்தோறும் பழகியிருந்தாலே கொந்தளிப்பின் வாயிலில் அது நினைவுக்கு வரும் என்பதை மாத்திரம் மறந்துவிடலாகாது.

வாய்ச்சொல் சிரமமாக இருப்பவர்க்கு எண் உதவும். கேரி டன் பியூரன், மிட்ஸி கேர்ட்டிஸ் என்னும் இரு அமெரிக்க ஆசிரியைகள் 2003ஆம் ஆண்டில் ஒரு நூலில் விளக்கிய ஐந்து படி அளவுகோல் இன்று பல தேசங்களில் வழங்குகிறது. 1 என்றால் அமைதி. 5 என்றால் கைமீறிய நிலை. ஒவ்வொரு படியிலும் தன் சரீரம் எப்படி இருக்கும், அப்போது என்ன செய்தால் நலம் என்பதை அந்த இளைஞனோடு சேர்ந்தே எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். “2: காது கூசுது. 3: தாடை இறுகுது, தனிய இருக்க வேணும்” என்று அவனுடைய சொந்த வார்த்தைகளிலேயே அது அமைதல் வேண்டும். அதன் பின்னர், “ஏன் மகன் இப்படிச் செய்றீங்க?” என்று எவராலும் விடை சொல்ல முடியாத கேள்வியைக் கேட்பதற்குப் பதிலாக, “மகன், இப்ப எத்தனையில இருக்கீங்க?” என்று உம்மா கேட்கலாம். மூன்று விரல்களை உயர்த்திக் காட்டிவிட்டுப் பின்னறைக்குப் போய்விடும் உரிமை அவனுக்கு இருக்க வேண்டும். விருந்தினர் முன்னிலையில் எழுந்து போவது மரியாதைக் குறைவு என்று நானாவோ வாப்பாவோ அவனைத் தடுத்தால், சுவரில் ஒட்டிய தாள் வெறுந் தாளாகிவிடும்.

அளவுகோலை அவனிடம் கொடுத்துவிட்டு, வெயிலையும் காற்றையும் அப்படியே விட்டுவிடுவதும் சரியல்ல. எத்தனை விஷயங்களை வீட்டார் முன்கூட்டியே மாற்றியமைக்கலாம் என்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கும். வேறு வான் வரும் என்பதை முந்திய இரவே சொல்லலாம். கலியாண வீட்டு ஒலிபெருக்கி எந்த நாளில், எத்தனை மணிக்கு என்பதைக் கேட்டறிந்து, அவ்வேளையில் அவனைக் களப்போரத்துக்கு நடத்திச் செல்லலாம். நோன்பு மாதத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஐந்து நேரத் தொழுகையால் பங்கிடப்பட்ட நாளொழுங்கு, மாறாத நேரக் கிரமத்தில் ஆறுதல் காணும் ஓர் இளைஞனுக்குப் பேருதவி. ஆனால் ரமழான் பிறந்ததும் உறக்கம், உணவு, பாடசாலை, வீட்டின் சந்தடி யாவும் ஒரே இரவில் இடம் மாறுகின்றன. ஸஹர் வேளையில் விளக்கெரிவதும், நோன்பு திறக்கும் நேரத்தில் வீடு நிறைய ஆட்கள் கூடுவதும், தராவீஹுக்குப் பிறகு ஒழுங்கை விழித்திருப்பதும் மற்றவர்க்கு மகிழ்ச்சி; அவனுக்கோ நாளின் எலும்புக்கூடே கலைந்துவிட்டது. பிறை காண்பதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே படங்களோடு புதிய நாளொழுங்கை வரைந்து காட்டுவதும், உறங்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக நகர்த்துவதும் கிராஸ் சொன்ன முதலிரண்டு மடைகளில் செய்யும் வேலையே. பெருநாளன்று கோப்பை உடையாமல் இருப்பதற்கு அன்றைய புத்திமதியைவிட இது பன்மடங்கு உதவும்.

இந்தச் சந்தர்ப்பத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியமாகிறது. கையை உதறுவதும், முன்னும் பின்னும் ஆடுவதும், ஒரே சொல்லை முணுமுணுப்பதும் பார்க்கிறவர்களுக்கு விகாரமாகத் தோன்றலாம். அவற்றை நிறுத்துவதே சிகிச்சையின் வெற்றி என்று நினைக்கிற பெற்றோரும் ஆசிரியரும் உண்டு. அவையோ பெரும்பாலும் அந்த இளைஞனே கண்டுபிடித்துக்கொண்ட சாந்தி உபாயங்கள் என்று ஓட்டிசம் உள்ள பெரியோர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். தம் இயல்பை மறைத்து, மற்றவரைப் போல நடித்து வாழ்கிறவர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடுதலாகக் காணப்படுவதையும் அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. வெளியே அமைதியாகத் தோன்றும்படி ஒருவனைப் பழக்கிவிட்டு, உள்ளே எரிவதை அவனுக்கே தெரியாதபடி செய்துவிடும் சிகிச்சை சிகிச்சையாகாது.

கொந்தளிப்பு வந்தேவிட்டால் என்ன செய்வது? பேச்சைக் குறைப்பது, விளக்கையும் சத்தத்தையும் தணிப்பது, கூடியவர்களை அனுப்பிவிடுவது, அவன் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளாதபடி தலையணையை இடையில் வைப்பது, அவ்வளவுதான். பாடம் கற்பிக்கும் வேளை அதுவன்று. ஓட்டிசம் உள்ளவரும் சமூகவியல் அறிஞருமான டேமியன் மில்டன் 2012ஆம் ஆண்டில், புரிந்துகொள்ளாமை ஒருபக்கக் குறை அல்ல, ஓட்டிசம் உள்ளவர் மற்றவரை அறியாததைப் போலவே மற்றவரும் அவரை அறியவில்லை என்று எடுத்துரைத்தார். அந்த நேரத்தில் அருகில் நிற்கும் வாப்பாவின் குரலும் உயர்ந்து, அவருடைய ஹிருதயமும் அதே வேகத்தில் துடித்துக்கொண்டிருக்கும். ஆகையால் உள்ளங்காற் பயிற்சி அவருக்கும் வேண்டும்.

மருந்துகளைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. ரிஸ்பெரிடோன் என்னும் மருந்தை 101 பிள்ளைகளிடம் எட்டு வாரம் பரிசோதித்து 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவில், மருந்து பெற்றவர்களில் 69 சதவீதத்தினரும், பொய்மருந்து பெற்றவர்களில் 12 சதவீதத்தினரும் நல்ல முன்னேற்றம் அடைந்தார்கள். சீற்றமும் தற்காயமும் மிகுந்த இடத்தில் அது பெரிய உபகாரம். உடற்பருமன் ஏறுவது அதன் தீமை. தன்னை வாசிக்கக் கற்றுத்தருவது அதனால் ஆகாது. வைத்தியரின் மேற்பார்வையின்றி அதைத் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

இலங்கையில் ஓட்டிசத்தைப் பற்றிய அறிவு பரவியதில் கொழும்புச் சர்வகலாசாலையின் பேராசிரியை ஹேமமாலி பெரேராவின் பங்கு பெரிது. அவரும் சகாக்களும் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, தாங்கள் பரிசோதித்த குழந்தைகளில் 93 பேருக்கு ஒருவர் என்ற வீதத்தில் ஓட்டிசத்தைக் கண்டது. தாய்மார் வீட்டிலேயே நடத்தும் தொடக்கப் பயிற்சியின் பலனையும் 2016ஆம் ஆண்டில் அவர்கள் அறிவித்தார்கள். அதே ஆண்டில், இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நடந்த பரிசோதனை, வைத்தியர் அல்லாத சாதாரண சுகாதாரப் பணியாளர்களே பயிற்சி பெற்றுப் பெற்றோர்க்கு இவற்றைக் கற்பிக்க முடியும் என்று காட்டிற்று. எல்லாம் நல்ல செய்திகள். ஆனால் எல்லாம் குழந்தைகளைப் பற்றியவை. வீடு தேடி வரும் குடும்ப சுகாதார மாதுவின் கண்காணிப்பு பிள்ளையின் ஐந்தாம் வயதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பத்து ஆண்டுகளின் பின்னர், மீசை அரும்பி, தோள் அகன்று, தாயால் பிடித்து நிறுத்த முடியாத பலம் வந்த பருவத்தில்தான் கொந்தளிப்பு எல்லாருக்கும் ஆபத்தாகிறது. அப்போது கதவைத் தட்டி விசாரிக்க ஒருவரும் வருவதில்லை.

அஃதன்றி, பிட்ஸ்பர்க்கின் முதற் பரிசோதனையில் சேர்ந்தவர்கள் யாவரும் நன்றாகப் பேசவும் சிந்தித்து விடைசொல்லவும் கூடியவர்கள். பேச்சே இல்லாத இளைஞர்க்கு அதே சிகிச்சை அப்படியே பொருந்தாது. அவர்களுக்குப் படஅட்டைகளும், மாறாத நாளொழுங்கும், வீட்டார் அவர்களுடைய சரீரத்தை அவர்களுக்காக வாசிக்கக் கற்றுக்கொள்வதும், காது சிவப்பது, நடை வேகமாவது, முணுமுணுப்பின் சுருதி ஏறுவது ஆகிய அடையாளங்களைக் குறித்து வைப்பதும் முதன்மையாகின்றன. பேசக்கூடியவர்களுக்கும் பேசாதவர்களுக்கும் இதைத் தமிழிலே, அவர்கள் வீட்டில் வழங்கும் தமிழிலேயே, வாரந்தோறும் அமர்ந்து கற்பிக்க ஓர் ஆள் வேண்டும். கொழும்புக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் பஸ்ஸில் போய்வருவது, சத்தத்துக்கும் நெரிசலுக்கும் அஞ்சுகிற ஒருவனுக்குச் சிகிச்சைக்கு முன்பே 25ஆம் பாகையை எட்டுவிக்கும் பயணம். பாடசாலைகளின் விசேட கல்வி அலகுகளில் பணிபுரியும் ஆசிரியைகளே இதற்கு மிகவும் அண்மையில் இருப்பவர்கள். பிள்ளைகளை அவர்கள் அறிவார்கள், உம்மாமாரும் அவர்களிடம் மனம் விட்டுப் பேசுவார்கள். அவர்களுக்குப் பயிற்சி தருவதும், பாடசாலையை விட்டு விலகும் வயதுக்குப் பின்னரும் அந்த இளைஞர்கள் அவர்களிடம் வந்துபோக வழிசெய்வதும் புத்தளத்திலேயே, இப்போதே தொடங்கக்கூடிய காரியங்கள்.